நாணயம் வந்த வழி

விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த வெண்கலப் பென்னி ஒன்றை லண்டனில் இன்று ஒரு கோப்பைக் காப்பி விலைக்கு வாங்கிவிடலாம். காசின் வயது 130, 140 ஆண்டு இருக்கும். தேய்ந்த காசென்றால் வியாபாரிகள் அதற்குத் தனி இடம்கூடத் தருவதில்லை. தட்டில் கொட்டி வைத்திருப்பார்கள், அள்ளிப் பார்த்து வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். அதே உலோகத்தில், அதே அளவில், 1933 என்று ஆண்டு பொறித்த பென்னி ஏலத்துக்கு வந்தால் பல்லாயிரம் பவுண்டுக்குப் போகும். இரண்டுக்கும் வயது வித்தியாசம் பார்த்தால் விலை உயர்ந்ததுதான் இளையது.

1933இல் பிரிட்டனின் வங்கிகளில் பென்னி தேவைக்கு மேல் குவிந்து கிடந்தது. புதிதாக அடிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும்போது அந்த ஆண்டின் நாணயங்களை ஒரு தொகுதியாகக் கல்லுக்கடியில் வைப்பது அங்கே வழக்கம். அதற்காக அரசு நாணயச்சாலையான ராயல் மின்ட் சில பென்னிகளை மட்டும் அடித்தது. எத்தனை என்று முறையாக எழுதி வைக்கவில்லை. இன்று இருப்பது தெரிந்தவை ஏழு அல்லது அதையொட்டிய எண்ணிக்கைதான். ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில், ஒன்று ராயல் மின்ட்டின் அருங்காட்சியகத்தில், ஒன்று லண்டன் பல்கலைக்கழகக் கட்டடத்தின் அடிக்கல்லுக்குக் கீழே. லீட்ஸ் நகரில் இரண்டு தேவாலயங்களின் அடித்தளத்திலும் இருந்தன. 1970இல் மிடில்டன் பகுதித் தேவாலயத்தின் கல்லைப் பெயர்த்து ஒன்றைத் திருடிக்கொண்டு போனார்கள். மற்றதற்கும் இந்தக் கதி வந்துவிடக் கூடாதென்று பிஷப்பின் உத்தரவுப்படி அதைத் தோண்டி எடுத்து 1972இல் விற்றுவிட்டார்கள். திருட்டுப்போனது இன்றுவரை கிடைக்கவில்லை. கிடைத்தாலும் எந்தக் கௌரவமான ஏல நிறுவனமும் அதைத் தொடாது. ஒரே அச்சில் அடித்த இரண்டு காசு. ஒன்றை விற்கலாம், மற்றதை வெளியே காட்டவே முடியாது.

பழைய பிரிட்டிஷ் நாணயச் சந்தை முழுவதற்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். வயதும் உலோகமும் விலையின் ஒரு பகுதியைத்தான் தருகின்றன. எங்கிருந்து வந்தது, யார் கையில் இருந்தது, எந்த மண்ணில் எதனோடு கிடந்தது என்ற தகவல்தான் மீதி. அந்தத் தகவலைச் சேர்த்து வைத்தவர்களில் வியாபாரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அதை அழித்தவர்களிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு.

பிரிட்டனில் நாணயம் சேர்க்கும் பழக்கம் ஏன் இவ்வளவு பரவலானது என்பதற்கு ஒரு எளிய காரணம் இருக்கிறது. 1971 பிப்ரவரி 15 அன்று அந்நாடு தசம முறைக்கு மாறியது. அதுவரை 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. 1860இல் வெளிவந்த வெண்கலப் பென்னியும் 1971 ஆகஸ்ட் இறுதிவரை செல்லும் காசாகவே இருந்தது. பஸ் கண்டக்டர் கொடுத்த சில்லறையில் கொண்டை போட்ட இளம் விக்டோரியா, முக்காடிட்ட முதிய விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, இரண்டு ஜார்ஜ்கள், எலிசபெத் என்று ஐந்து ஆட்சிகள் கலந்து வந்தன. 1960களில் பள்ளிப் பையன்கள் ஆண்டுவாரியாகக் குழிகள் வெட்டிய அட்டைகளை வாங்கி ஒவ்வொரு குழியாக நிரப்பினார்கள். காசு கொடுத்து வாங்காமல் கைக்கு வந்த சில்லறையிலேயே நூறாண்டு வரலாற்றைச் சேர்க்க முடிந்தது. அந்தப் பையன்களில் பலர்தான் பிற்காலத்தில் கடை வைத்தவர்கள், நூல் எழுதியவர்கள்.

வெள்ளிக் காசின் கதை இவ்வளவு இனிமையானதல்ல. 1920வரை பிரிட்டிஷ் வெள்ளிக் காசில் 92.5 சதவீதம் வெள்ளி. முதல் உலகப் போருக்குப் பிறகு அது 50 சதவீதமானது. 1947 முதல் வெள்ளியே கிடையாது, செம்பும் நிக்கலும்தான். வியாபாரிகள் இன்றும் ‘இருபதுக்கு முன்’, ‘நாற்பத்தேழுக்கு முன்’ என்று வகை பிரித்து எடைக்கு வாங்குகிறார்கள். வெள்ளி விலை ஏறும்போதெல்லாம், குறிப்பாக 1980 தொடக்கத்தில் அது உச்சம் தொட்டபோது, ஏராளமான பழைய ஷில்லிங்குகள் உருக்கும் உலைக்குப் போயின. அவற்றில் எந்த அரிய ஆண்டு இருந்தது, எது நல்ல நிலையில் இருந்தது என்று யாரும் நின்று பார்க்கவில்லை.

வந்த வழியை முதலில் எழுதி வைத்தது சேகரிப்பாளரல்ல, அரசு. அதுவும் நாணயத்தின் மீதே எழுதியது.

1662க்கு முன்பு ஆங்கிலேய நாணயம் சம்மட்டியால் அடிக்கப்பட்டது. ஓரம் ஒழுங்காக இருக்காது. விளிம்பைக் கத்தரித்தும் சுரண்டியும் வெள்ளி சேர்ப்பவர்களுக்கு அது வசதி. இரண்டாம் சார்லஸ் காலத்தில் இயந்திரத்தில் அடிக்கத் தொடங்கியதும் பெரிய காசுகளின் விளிம்பில் ‘அழகும் காவலும்’ என்ற பொருளில் ஒரு லத்தீன் வாசகத்தைப் பொறித்தார்கள். சுரண்டினால் எழுத்து போய்விடும், கள்ளம் தெரிந்துவிடும். ஆனால் பழைய காசுகள் புழக்கத்தில் இருந்தவரை சுரண்டலும் இருந்தது. 1696இல் அவற்றையெல்லாம் திரும்பப் பெற்று உருக்கிப் புதிதாக அடித்தார்கள். அந்த ஆண்டுதான் ஐசக் நியூட்டன் நாணயச்சாலைக்கு வார்டன் பொறுப்பில் வந்தார். கள்ள நாணயக்காரர்களைத் தேடிப் பிடிப்பதும் அவர் வேலை. அவர்களில் பெரும்புள்ளியான வில்லியம் சலோனரை 1699இல் தூக்குமேடை வரை கொண்டுபோய்விட்டுத்தான் அவர் ஓய்ந்தார்.

அக்காலத்துத் தங்க, வெள்ளிக் காசுகள் சிலவற்றில் அரசரின் தலைக்குக் கீழே சின்னஞ்சிறு குறி ஒன்று இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்க்க வேண்டும். 1663 முதல் அடித்த கினி என்னும் தங்கக் காசுகள் சிலவற்றில் ஒரு யானை. பின்னர் முதுகில் கோட்டை சுமந்த யானை. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து தங்கம் கொண்டுவந்த ஆப்பிரிக்கக் கம்பெனியின் சின்னம் அது. அதே கம்பெனிதான் மனிதர்களை விலங்கிட்டு அட்லாண்டிக் கடலைத் தாண்டி விற்றது. இரண்டாம் ஜார்ஜின் சில கினிகளில் ஈ.ஐ.சி. என்ற எழுத்துகள்: கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த தங்கம். 1703ஆம் ஆண்டு ஆன் அரசியின் காசுகளில் ‘விகோ’ என்ற சொல். முந்தைய ஆண்டு ஸ்பெயினின் விகோ வளைகுடாவில் ஸ்பானியப் புதையல் கப்பல்களைத் தாக்கிக் கைப்பற்றிய உலோகம். லண்டனில் கொண்டாட்டம் பெரிதாக நடந்தது. நியூட்டன் நிறுத்துப் பார்த்தபோது வெள்ளி 4,500 பவுண்டு எடைக்குச் சற்று மேல், தங்கமோ எட்டுப் பவுண்டு எடைகூட இல்லை. செல்வத்தின் பெரும்பகுதியைத் தாக்குதலுக்கு முன்பே ஸ்பானியர்கள் கரையேற்றிவிட்டிருந்தார்கள். தங்கம் அவ்வளவு குறைவு என்பதால்தான் ‘விகோ’ பொறித்த ஐந்து கினிக் காசு இன்று சேகரிப்பாளர்களின் கனவாக இருக்கிறது. தோல்வி என்று சொல்லக்கூடிய ஒரு வேட்டை இப்படி விலையாக மாறியிருக்கிறது.

1745, 1746ஆம் ஆண்டுக் காசுகளில் உள்ள ‘லிமா’ குறி இன்னும் சுவையானது. உலகைச் சுற்றிவந்த கடற்படைத் தளபதி ஆன்சன் பிடித்த ஸ்பானியக் கப்பலின் வெள்ளி என்று நெடுங்காலம் சொல்லி விற்றார்கள். பெரு நாட்டிலிருந்து திரும்பிய பிரெஞ்சுக் கப்பல்களை 1745இல் பிடித்த இரண்டு தனியார் போர்க்கப்பல்களின் கொள்ளைப்பொருள் அது என்பதே பொருத்தம் என்று ஆய்வாளர்கள் இப்போது கருதுகிறார்கள். ஆன்சன் பெயர் இன்றும் விற்பனைக் குறிப்புகளில் எட்டிப் பார்க்கிறது. வீரக்கதை சேர்ந்த காசுக்குக் கூடுதல் விலை என்பது வியாபாரிக்குத் தெரியாதா?

யானைக் குறியிட்ட கினிக்கும் சந்தையில் கூடுதல் விலை. அந்த யானை யாருடைய உழைப்பையும் உயிரையும் சுமந்து வந்தது என்பதை ஏலப் பட்டியல்கள் பெரும்பாலும் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. அந்த வரியை நீட்டி எழுத வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது.

வியாபாரிகளின் பக்கம் வருவோம். ஸ்பிங்க் நிறுவனம் தன் தொடக்கத்தை 1666 என்று சொல்கிறது. பால்ட்வின் 1872இல் தொடங்கியது, சீபி 1926இல். சீபி 1929இல் வெளியிட்ட விலைப்பட்டியல்தான் இன்று ஸ்பிங்க் வெளியிடும் இங்கிலாந்து நாணயப் பட்டியலாக வளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு வகைக்கும் ஒரு எண் கொடுத்திருப்பார்கள். சென்னையிலிருந்து ஒருவர் அந்த எண்ணைச் சொன்னால் நியூயார்க்கில் இருப்பவருக்கு எந்தக் காசு என்று புரியும். அருங்காட்சியக அறிஞர்களும் இதே எண்ணை மேற்கோள் காட்டுகிறார்கள். கடைக்காரர்கள் விற்பனைக்காகச் செய்த வேலை ஒரு துறையின் இலக்கணமாகிவிட்டது. நாணயவியலில் பல்கலைக்கழகத்துக்கும் கடைத்தெருவுக்கும் இடையே மற்றத் துறைகளில் உள்ளதுபோல உயரமான சுவர் என்றுமே இருந்ததில்லை.

நல்ல வியாபாரி செய்த இன்னொரு காரியம் சீட்டு எழுதியது. பழைய சேகரிப்பாளர்கள் காசுகளை மகாகனி மர அலமாரியில், குழியிட்ட தட்டுகளில் வைத்தார்கள். ஒவ்வொரு காசின் அடியிலும் ஒரு வட்டக் காகிதச் சீட்டு: எங்கே, எப்போது, யாரிடம், என்ன விலைக்கு வாங்கியது என்று பொடி எழுத்தில் குறித்திருக்கும். காசு கை மாறும்போது சீட்டும் கூடவே போகும். ஹைமன் மாண்டேகுவின் தொகுப்பு 1890களில் ஏலம் போனது, லாக்கெட்டின் தொகுப்பு 1955 முதல் 1961 வரை. இன்று ஒரு காசு ‘லாக்கெட் தொகுப்பில் இருந்தது’ என்று சீட்டோடு நிரூபணமானால் விலை கூடும். இதில் பெருமை மட்டுமில்லை, பாதுகாப்பும் இருக்கிறது. அறுபது எழுபது ஆண்டுக்கு முன்பே படத்தோடு பட்டியலில் வந்த காசு அண்மையில் எங்கோ திருட்டுத்தனமாகத் தோண்டியதாக இருக்க முடியாது. நேற்று வார்த்த போலியாகவும் இருக்க முடியாது.

சேகரிப்பாளர் என்றதும் பணக்காரக் கனவான்களையே நினைக்கிறோம். இயற்கை அறிவியலாளர் ஜோசப் பேங்க்ஸின் தங்கை சாரா சோபியா பேங்க்ஸ் சுமார் 9,000 நாணயங்களும் பதக்கங்களும் டோக்கன்களும் சேர்த்தார். 1818இல் அவர் இறந்தபின் அவை பிரிட்டிஷ் மியூசியத்துக்கும் ராயல் மின்ட்டுக்கும் போயின. தங்கக் காசுகளைத் துரத்திக்கொண்டிருந்தவர்கள் கண்டுகொள்ளாத சில்லறைகளை அவர் சேர்த்தார். எதை யாரிடம் பெற்றார் என்றும் குறித்து வைத்தார்.

அந்தச் சில்லறைகளில் பல 1787க்குப் பின் வந்த தனியார் செம்பு டோக்கன்கள். அரசு செம்புக் காசு அடிப்பதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டது, புழக்கத்தில் இருந்ததில் பெரும்பங்கு போலி, தொழிற்சாலைகளில் கூலி கொடுக்கச் சில்லறை இல்லை. ஆங்கில்ஸி தீவில் செம்புச் சுரங்கம் நடத்திய பாரிஸ் மைன் கம்பெனி தானே காசு அடித்தது. ஊருக்கு ஊர் வணிகர்கள் பின்தொடர்ந்தார்கள். சேகரிப்பவர்கள் துரத்தத் தொடங்கியதும் தயாரிப்பாளர்களுக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு டோக்கனின் முன்புற அச்சையும் வேறொன்றின் பின்புற அச்சையும் சேர்த்து அடித்தால் புது ‘வகை’ தயார்! லண்டனில் புத்தகமும் டோக்கனும் விற்ற தாமஸ் ஸ்பென்ஸ் இதில் கைதேர்ந்தவர். நிலம் தனியார் சொத்தாக இருக்கக் கூடாது என்று பிரசாரம் செய்து சிறைக்குப் போன தீவிர அரசியல்வாதியும் அவரே. 1795இல் சேகரிப்பாளர்களுக்கென்று ஒரு கைந்நூலும் வெளியிட்டார். தன் கொள்கையைக் காசில் பொறித்துத் தெருவில் பரப்பினார், அதே அச்சுகளை மாற்றி மாற்றிச் சேர்த்துச் சேகரிப்பாளர்களிடம் பணமும் பார்த்தார். இரண்டையும் ஒருவரே செய்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. புழக்கத்துக்குத் தேவையே இல்லாமல் சேகரிப்பவருக்கென்றே அடிக்கும் வேலையை இன்று ராயல் மின்ட்டே ஆண்டுதோறும் செய்கிறது. அந்தப் பளபளப்பான நினைவு நாணயங்களில் பெரும்பாலானவை வாங்கிய விலைக்குக்கூடத் திரும்ப விற்பதில்லை. பழங்காசை நேசிப்பவர்கள் அவற்றில் பணம் போடாமல் இருப்பது நல்லது.

செம்புத் தட்டுப்பாட்டைத் தீர்த்தவர் பர்மிங்காமின் மேத்யூ போல்டன். சோஹோ என்ற தன் ஆலையில் நீராவி இயந்திரத்தால் காசு அடித்தார். 1797இல் அவர் அடித்த பென்னி ஒரு அவுன்ஸ், இரண்டு பென்னிக் காசு இரண்டு அவுன்ஸ். வண்டிச் சக்கரம் என்று மக்கள் பெயர் வைத்தார்கள். கடைக்காரர்கள் எடைக்கல்லாகவும் பயன்படுத்தினார்கள். போல்டனுக்குப் பெரிய வாடிக்கையாளர் கிழக்கிந்தியக் கம்பெனி. சென்னை மாகாணத்துக்கு வேண்டிய செம்புக் காசுகள் அங்கிருந்து கப்பலேறின. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்தும் 10 காசு, 20 காசு என்ற மதிப்பும்.

1809 ஜனவரியில் சென்னைக்குக் கிளம்பிய ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் கென்ட் கடற்கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி மூழ்கியது. அதில் டன் கணக்கில் செம்புக் காசு, பெரும்பாலும் 1808 என்று ஆண்டு பொறித்தவை, பீப்பாய்களில் அடைத்து வைத்திருந்தார்கள். 1980களின் நடுவில் முத்துக்குளிப்பவர்போல மூழ்கியவர்கள் அவற்றை லட்சக்கணக்கில் மேலே கொண்டுவந்தார்கள். கப்பல் கிடக்கும் இடம் இப்போது சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. மயிலாப்பூர்ச் சந்தையிலும் தஞ்சாவூர்க் கடையிலும் புழங்கியிருக்க வேண்டிய அந்தக் காசுகள் ஒருநாளும் தமிழ்நாட்டைப் பார்க்கவில்லை. ஒருவர் கையிலும் தேயாமல் அச்சுப் பிசகாமல் கிடந்தவை பல. 200 ஆண்டுப் பழமை, கடலில் மூழ்கிய கப்பல், கம்பெனி வரலாறு என்று எல்லாம் இருந்தும் விலை மிகச் சாதாரணம். அவ்வளவு எண்ணிக்கை சந்தைக்கு வந்துவிட்டது. ஆனால் தமிழ் வாசகர் ஒருவர் பிரிட்டிஷ் நாணயச் சேகரிப்பைத் தொடங்குவதானால் இதைவிடப் பொருத்தமான முதல் காசு இல்லை. கப்பலின் பெயரும் நாளும் இடமும் சந்தேகமில்லாமல் தெரிந்த காசு வேறு எத்தனை உண்டு?

தங்கத்தில் தமிழருக்கு நெருக்கமானது சவரன். 1817இல் புது வடிவில் வந்த பிரிட்டிஷ் சாவரின் 22 காரட் தங்கம், எடை 7.98 கிராம். நம் நகைக்கடைகளில் எட்டு கிராம் ஒரு சவரன் என்று எடை போடுவது அதன் தொடர்ச்சி. 1918இல் பம்பாயிலேயே சாவரின் அடித்தார்கள். அடையாளமாக அதில் ஒரு சிறு ‘ஐ’ எழுத்து இருக்கும். பெரும்பாலான சாவரின்களுக்குத் தங்க விலைதான், மேலே சொற்பம். விதிவிலக்கு எட்டாம் எட்வர்டின் 1937 சாவரின். ஆட்சிக்கு ஆட்சி அரசர் முகம் திசை மாறிப் பார்க்க வேண்டும் என்ற மரபை மீறித் தன் இடப்பக்க முகமே அழகு என்று அவர் அடம்பிடித்தார். காசு வெளிவருவதற்குள் 1936 டிசம்பரில் முடி துறந்தார். சோதனைக்காக அடித்தவை மட்டும் எஞ்சின. 2020இல் அதில் ஒன்று 10 லட்சம் பவுண்டுக்கு விற்றது. சாதாரண சாவரினுக்கும் தங்க மதிப்புக்கு மேல் ஒரு விலை இருந்ததால் 1950களில் இத்தாலியின் மிலான் நகரில் தங்கம் குறையாத போலிகளையே அடித்தார்கள். உருக்கினால் ஒன்றும் நட்டமில்லை. அவர்கள் திருடியது உலோகத்தையல்ல, அந்த முத்திரையின் மேல் மக்கள் வைத்த நம்பிக்கையை.

இனி மண்ணுக்கடியில் இருப்பவை. மெட்டல் டிடெக்டர் பிரிட்டனில் பெரிய பொழுதுபோக்கு. 1996இல் இயற்றிய புதையல் சட்டப்படி ஒரே இடத்தில் கிடைத்த 300 ஆண்டுக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிக் காசுகள் இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் அது புதையல். 14 நாளுக்குள் கரோனர் என்னும் அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் விரும்பினால் ஒரு குழு நிர்ணயிக்கும் சந்தை விலையைக் கொடுத்து வாங்கும். அந்தத் தொகை பெரும்பாலும் கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் பாதிப் பாதி. இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டரிடம் தெரிவிக்கச் சொல்கிறது. ஆனால் சந்தை விலை கிடைக்கும் என்ற நம்பிக்கை கிராமத்தில் யாருக்கும் இல்லை. பிரிட்டிஷ் முறையின் பலம் அந்த நம்பிக்கைதான். 2019இல் சோமர்செட்டின் சியூ பள்ளத்தாக்கில் ஏழு பேர் கண்டெடுத்த 2,584 வெள்ளிப் பென்னிகளை அவர்கள் முறைப்படி அறிவித்தார்கள். 1066இல் வீழ்ந்த ஆங்கிலேய அரசர் ஹெரால்டின் காசுகளும் அவரை வென்ற வில்லியத்தின் காசுகளும் ஒரே குவியலில் இருந்தன. 2024இல் அந்த வட்டாரத்து அறக்கட்டளை அதை 43 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது.

தனியாகக் கிடைத்த ஒற்றை நாணயம் பொதுவாகப் புதையலாகாது என்பது சட்டத்தின் பெரிய ஓட்டை. மூன்றாம் ஹென்றி 1257இல் வெளியிட்ட தங்கப் பென்னி, உலகில் எட்டே தெரிந்தது, 2021இல் டெவன் வயல் ஒன்றில் கிடைத்தது. அடுத்த ஜனவரியில் ஏலத்தில் 5,40,000 பவுண்டு. ஏல நிறுவனத்தின் கமிஷனோடு வாங்கியவர் கொடுத்தது 6,48,000. ஒன்பதாம் நூற்றாண்டு மெர்சிய அரசர் சென்வுல்ஃபின் தங்கக் காசும் 2001இல் ஒற்றையாகத்தான் கிடைத்தது. ஏலத்தில் ஒரு அமெரிக்கச் சேகரிப்பாளர் 2,30,000 பவுண்டுக்கு வாங்கினார். அதை நாட்டிலேயே வைத்துக்கொள்ளப் பிரிட்டிஷ் மியூசியம் 2006இல் 3,57,832 பவுண்டு திரட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று. என்றாலும் இந்த இரண்டு காசுக்கும் கிடைத்த இடம் தெரியும், பதிவு இருக்கிறது. அந்த அளவில் வரலாற்றுக்கு இழப்பில்லை.

இழப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க 2015ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அந்த ஆண்டு அக்டோபரில் ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் வாட்லிங்டன் அருகே ஒருவருக்கு வெள்ளி தட்டுப்பட்டது. உடனே தகவல் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து மண்கட்டியோடு அப்படியே பெயர்த்து எடுத்தார்கள். 186 காசு, 15 வெள்ளிக் கட்டி, சில நகைகள். காலம் 870களின் இறுதி, வைக்கிங்குகளோடு போர் நடந்த காலம். வெசெக்ஸ் அரசர் ஆல்ஃபிரட், மெர்சிய அரசர் இரண்டாம் சியோல்வுல்ஃப் இருவர் பெயரிலும் ஒரே வடிவக் காசுகள். அவற்றில் 13 ‘இரு பேரரசர்’ வகை: ரோமானியக் காசைப் பார்த்துச் செய்த வடிவம், இரண்டு ஆட்சியாளர்கள் அருகருகே அமர்ந்திருப்பார்கள். ஆல்ஃபிரட்டின் மரபில் எழுதப்பட்ட வரலாறு சியோல்வுல்ஃபை வைக்கிங்குகளின் கைப்பாவை என்று ஏளனம் செய்து ஒதுக்கிவிட்டது. காசுகள் வேறு சொல்லின. இருவரும் கூட்டாளிகளாக இருந்திருக்கிறார்கள். வென்றவர் எழுதிய வரலாறு மற்றவரை மறைத்துவிட்டது. ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் அதை 13.5 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது.

அதே ஆண்டு ஜூனில், அதாவது நான்கு மாதம் முன்னதாக, ஹெர்ஃபோர்டுஷயரில் இரண்டு பேருக்கு அதே காலத்துப் புதையல் கிடைத்திருந்தது. நில உரிமையாளருக்குச் சொல்லவில்லை, சட்டப்படி அறிவிக்கவுமில்லை. தங்க மோதிரம், கைவளை, படிகப் பதக்கம், சுமார் 300 காசு என்பது புலனாய்வின் கணிப்பு. கைபேசியில் அழித்த படங்களை மீட்டெடுத்துத்தான் அந்தக் கணக்கே தெரிந்தது. காசுகள் வியாபாரிகள் வழியாகச் சிதறின. ஒருவர் தன் பூதக்கண்ணாடி உறைக்குள் சிலவற்றை மறைத்து வைத்திருந்தார். 2019இல் வூஸ்டர் நீதிமன்றம் கண்டெடுத்தவர்களுக்கும் ஒரு நாணய வியாபாரிக்கும் நீண்ட சிறைத்தண்டனை விதித்தது. அதற்குள் மீட்டவை முப்பதை ஒட்டிய காசுகள் மட்டுமே. 2023இல் அந்தப் புதையலைச் சேர்ந்தவை என்று கருதப்படும் 44 காசுகளை விற்க முயன்ற இருவர் டர்ஹாமில் தண்டிக்கப்பட்டார்கள்.

இந்த வழக்கில் என்னை உறுத்துவது பேராசை அல்ல. எந்த ஊரிலும் அது உண்டு. சட்டத்தின்படி நடந்திருந்தால் அந்த இருவருக்கும் பல லட்சம் பவுண்டு நேர்மையாகவே கிடைத்திருக்கும். மறைத்து விற்ற காசோ பல பங்கு குறைந்த விலைக்குத்தான் போகும். வந்த வழியைச் சொல்ல முடியாத காசை வாங்குபவரும் அதைக் காட்ட முடியாது, விற்க முடியாது, எழுத முடியாது. வாட்லிங்டனில் எந்தக் காசு எதன்மேல் கிடந்தது என்பதுவரை தெரியும். ஹெர்ஃபோர்டுஷயரில் எத்தனை ‘இரு பேரரசர்’ இருந்தது என்றுகூட இனி உறுதியாகச் சொல்ல வழியில்லை. நல்ல வியாபாரிகள் இதை உணராமல் இல்லை. எங்கே கிடைத்தது என்ற பதிவில்லாத ஆங்கிலோ சாக்சன் காசை எடுத்துக்கொள்ள மறுப்பவர்கள் இருக்கிறார்கள். கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகம் நடத்தும் இடைக்கால நாணயப் பதிவேட்டில் கடைக்கு வந்த காசுகளும் ஏறுகின்றன. ஆனால் கேள்வி கேட்காமல் வாங்கும் வியாபாரி ஒருவர் இருந்தாலும் போதும், நூறு பேரின் பதிவு வீணாகும். கண்டெடுத்த இடத்தின் பதிவைக் காட்டாமல் விற்கக் கூடாது என்று சட்டமே சொன்னாலொழிய இது தீராது.

நம் ஊரில் இந்தச் சந்தை வேறு முகத்தோடு இருக்கிறது. விக்டோரியா ரூபாய்க்கு லட்சம், ராமர் பட்டாபிஷேகம் பொறித்த 1818ஆம் ஆண்டுக் கம்பெனிக் காசுக்குக் கோடி என்று கைபேசியில் செய்தி வருகிறது. அந்த 1818 காசு கம்பெனி அடித்ததே அல்ல, பிற்காலத்துக் கற்பனைச் சரக்கு. முன்பணம் கேட்டு ஏமாற்றுபவர்கள் ரிசர்வ் வங்கியின் பெயரையே பயன்படுத்துவதால் அந்த வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டது. நூறாண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டு ஏலத்துக்குத் தபாலில் அனுப்பினால் குற்றம்.

வீட்டுப் பெட்டியில் தாத்தா காலத்துப் பிரிட்டிஷ் காசு இருக்கிறதா? புளி போட்டுத் தேய்க்காதீர்கள், பாலிஷ் போடாதீர்கள். மேலே படிந்த நிறம் போனால் விலை பெரிதும் குறைந்துவிடும், திரும்ப வராது. அதற்குப் பதிலாக ஒரு துண்டுக் காகிதம் எடுத்து, அது யாருடையது, பர்மாவிலிருந்து வந்ததா, சிலோன் தோட்டத்திலிருந்து வந்ததா, பட்டாளத்துச் சம்பளமா, எந்த ஆண்டு வீட்டுக்கு வந்தது என்று தெரிந்ததை எழுதிக் காசோடு சேர்த்து வையுங்கள். விபரம் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.